தட்டுவடை செட்டுக்கு வாய் திறக்கவில்லையா?

கேள்வி:

வணக்கம் டாக்டரம்மா. எனக்கு 38 வயது. கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். முன்பு பீடி பிடித்தேன். 11 வருஷத்துக்கு முன்னால் மகள் பிறந்தபோது, குழந்தைக்குப் புகை ஆகாது என்று விட்டுவிட்டேன். தறிக்கூடத்தில் பஞ்சும் நூலும் பறப்பதால் அங்கே நெருப்புப் பற்றவைக்கவும் முடியாது. அதனால் ஹான்ஸ் என்கிற வாயில் அடக்கும் புகையிலைப் பொடி பழகிவிட்டது. இடது பக்கம் கீழ்க் கடைவாயில் அடக்கிக்கொள்வேன். ஒரு நாளைக்கு 2 பாக்கெட். நைட் ஷிப்ட் என்றால் இன்னும் கூடும். எழுந்து போய்த் துப்ப முடியாத நேரத்தில் சாற்றை விழுங்கிவிடுவேன். சாப்பிட்ட பிறகு பான் மசாலாவும் போடுவேன்.

நாலைந்து மாதமாகக் காரம் வாயில் வைக்க முடியவில்லை, எரிகிறது. உடம்புச் சூடு என்று அம்மா மணத்தக்காளிக் கீரை கடைந்து கொடுக்கிறார். மெடிக்கலில் கொடுத்த பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் தின்றாயிற்று. போன வாரம் மகளோடு தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காய்த் துருவலும் சட்னியும் வைத்தது) சாப்பிடப் போனேன். வாயை அகலமாகத் திறந்து ஒரு செட்டை முழுசாகப் போட முடியவில்லை. உடைத்துத்தான் தின்றேன். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புகை இல்லாததால் இது பீடியைவிடப் பரவாயில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவும் 40 வருஷமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு மட்டும் ஏன்? இரண்டு முறை விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் தலைவலியும் கோபமும் வந்து மறுபடி தொட்டுவிட்டேன். என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சேலம்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் அந்தத் தட்டுவடை செட் வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். வாய் எரிகிறது என்று சொல்லி வருபவர்கள் நிறையப் பேர். வாய் திறப்பது குறைந்திருக்கிறது என்பதைத் தானாகக் கவனிப்பவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களுக்குப் பல் பிடுங்க என் நாற்காலியில் உட்காரும்போதுதான் அது தெரியவரும். "இன்னும் கொஞ்சம் திறங்க" என்பேன். "இவ்வளவுதாங்க திறக்கும்" என்பார்கள். அதற்குள் வருஷங்கள் ஓடியிருக்கும். உங்களுக்கு ஒரு தட்டுவடை முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. அதை வீணாக்க வேண்டாம்.

இதைப் படிக்கும்போதே ஒரு காரியம் செய்யுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒட்டிச் சேர்த்து, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். அவரவர் வாய்க்கு அவரவர் விரல்தான் அளவு. பெரியவர்களுக்குப் பொதுவாக 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை வாய் திறக்கும். மூன்று விரலும் தாராளமாகப் போனால் நல்லது. இரண்டு போய் மூன்றாவது தட்டுகிறது என்றால், இந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்ற பேச்சே கூடாது.

வாயைப் பார்க்காமல் கடிதத்தை வைத்து நோயின் பெயரைச் சொல்வது தவறு. ஆனாலும் காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பு குறைவு, தினமும் பாக்கு, இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் எந்தப் பல் மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான். ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். சீட்டில் சுருக்கமாக ஓ.எஸ்.எம்.எஃப். என்று எழுதுவார்கள். கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் இழுத்தால் இழுபடும் மெத்தென்ற சதை இருக்கிறது. கொலாஜன் என்கிற நார் அங்கே தேவைக்கு மேல் சேர்ந்துகொண்டே போகும், கரைய வேண்டிய பழைய நாரும் கரையாது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலை அளவுக்கு மேல் இறுக்கினால் தறி என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கன்னம் வெளிறிப்போகும். விரலை உள்ளே விட்டுத் தடவினால் கயிறு ஓடுவது போலத் தட்டுப்படும். மேலே உள்ள தோல் மெலிந்துபோவதால், முன்பு ருசியாக இருந்த காரச் சட்னி இப்போது தீயாக எரியும். நாள் ஆக ஆக நாக்கை நீட்டுவதும், விசில் அடிப்பதும், பலூன் ஊதுவதும்கூடக் கஷ்டமாகிவிடும்.

இதற்கு முதல் குற்றவாளி பாக்கு. அதிலுள்ள அரெகோலின் என்கிற பொருள்தான் இந்த நார் சேரும் வேலையைத் தூண்டிவிடுகிறது. நீங்கள் கடிதம் முழுக்க ஹான்ஸைப் பற்றி எழுதிவிட்டு, "பான் மசாலாவும் போடுவேன்" என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். வாயை இறுக்கியது அந்தப் போகிற போக்கில் வந்த சமாச்சாரமாகத்தான் இருக்கும். 'புகையிலை கலக்காதது' என்று பாக்கெட்டில் அச்சடித்திருப்பார்கள். சரி, கலக்கவில்லை. உள்ளே இருக்கிற பாக்கை என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. நீங்கள் இரண்டையும் ஒரே வாயில் வைத்திருக்கிறீர்கள்.

உடம்புச் சூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் மணத்தக்காளிக் கீரை நல்ல கீரை, தாராளமாகச் சாப்பிடுங்கள். இரும்புச் சத்தோ பி12-ஓ குறைந்தாலும் வாய் எரியும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். ஆனால் சூட்டில் வரும் சாதாரண வாய்ப்புண் ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். வாய் திறப்பதைக் குறைக்காது. 'சூடு' என்ற இந்த ஒரு சொல் நம் ஊரில் எத்தனை பேருடைய ஆறு மாதத்தைத் தின்றிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு எரிச்சலாக வரும். இளநீர், மோர், வெந்தயம், விளக்கெண்ணெய் என்று வரிசையாக எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் என்னிடம் வருவார்கள்.

இப்போது ஹான்ஸுக்கு வருகிறேன். பீடியை விட்டது நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. உங்கள் நுரையீரலும் மகளின் நுரையீரலும் அதனால் தப்பித்தன. ஆனால் புகை போனதே தவிர, புகையிலை போகவில்லை. 'புகையில்லாப் புகையிலை' என்று அரசாங்கக் காகிதங்களில் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கேட்க என்னவோ ஆபத்தை வடிகட்டி எடுத்துவிட்டது போல இருக்கிறது. 2016–17-ல் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைக்கிறார்கள், 21.4 சதவீதம் பேர் வாயில் போடுகிறார்கள் என்று தெரியவந்தது. அதாவது இரண்டு மடங்கு. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருப்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டாம். ஆண், பெண் இருபாலரையும் சேர்த்தால் வருஷத்துக்கு 1 லட்சத்து 35 ஆயிரம் பேருக்கு மேல் நம் நாட்டில் இது புதிதாக வருகிறது.

கொளுத்தினால்தான் விஷம் உண்டாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இலையை உலர்த்தி, புளிக்க வைத்து, பதப்படுத்தும்போதே நைட்ரோசமின்கள் என்ற புற்றுநோய்ப் பொருட்கள் அதில் உருவாகிவிடுகின்றன. வாயில் போடும் புகையிலையில் இப்படிப்பட்ட பொருட்கள் 28-க்குக் குறையாமல் கண்டறியப்பட்டிருக்கின்றன. பீடிப் புகை உள்ளே போய் வெளியே வந்துவிடும். நீங்கள் அடக்கிக்கொள்ளும் பொடி, இடது கீழ்க் கடைவாயில் அதே விரற்கடை இடத்தில், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஊறுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல்நாடுகளில் வாய்ப் புற்றுநோய் நாக்கிலும் நாக்கின் அடியிலும் அதிகம் வரும். நம் நாட்டில் கன்னத்தின் உட்புறமும் கீழ் ஈறும் சேரும் பள்ளத்தில்தான் அதிகம் பார்க்கிறோம். நம்மவர்கள் அடக்கிக்கொள்ளும் இடமும் அதுதான்.

சிலர் உள்ளங்கையில் சுண்ணாம்பு சேர்த்துத் தேய்த்துப் போடுவார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான குணம்) புகையிலையில் உள்ள நிகோட்டினைச் சவ்வின் வழியாக மளமளவென்று ரத்தத்துக்குள் இறக்கிவிடும். 'சுண்ணாம்பு சேர்த்தால்தான் ஏறுது' என்று சொல்வது இதனால்தான். ரத்தத்தில் ஏறும் நிகோட்டின் சிகரெட் பிடிப்பவருக்கு இருக்கும் அளவுக்கு வந்துவிடும். அதுவும் சட்டென்று இறங்காமல் நெடுநேரம் நிற்கும். மூன்றாம் நாள் உங்களைத் தோற்கடித்தது மனவலிமைக் குறைவு இல்லை, இந்த நிகோட்டின்தான்.

சாற்றை விழுங்குவதாக எழுதியிருந்தீர்கள். அது வாயோடு நிற்காது. உணவுக்குழாய், கணையம் இரண்டிலும் புற்றுநோய் வருவதற்கு வாய்ப் புகையிலை காரணம் என்பது உறுதியான செய்தி. இதயத்தையும் விடாது. போட்டவுடன் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை வைத்து நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. புகையிலை மெல்லுகிறவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, புகையிலையே தொடாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம் என்று அதில் தெரிந்தது. ஈறு இறங்குவது, பல் வேர் தெரிவது, கறை, வாடை எல்லாம் உங்களுக்கே கண்ணாடியில் தெரியும், அதைப் பற்றி நான் விளக்க வேண்டாம்.

அப்புறம் அம்மா. "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பது நான் அதிகம் கேட்கும் வாக்கியம். மாதம் ஒரு முறை ஏற்காட்டுக்கு மேலே மலைக் கிராமங்களுக்குப் பல் முகாமுக்குப் போவேன். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அங்கே பல பெண்களின் இடுப்பில் சுருக்குப்பை இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, துண்டுப் புகையிலை. கேட்டால், குளிருக்கு நல்லது, பசி தெரியாது, கைவேலை நிற்காது என்பார்கள். பசி தெரியாது என்பது பொய்யில்லை. நிகோட்டின் பசியை அடக்கும்தான். வயிற்றுக்குக் கிடைக்க வேண்டிய சோற்றுக்குப் பதிலாக ஒரு துண்டு புகையிலை கிடைக்கிறது, அவ்வளவுதான். இளம் பெண்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கும். கர்ப்பமாக இருக்கும்போது போட்டால் குழந்தை எடை குறைந்து பிறக்கும், மாதம் நிறையாமல் பிறக்கும், வயிற்றிலேயே இறந்து பிறப்பதும் உண்டு.

அப்படி ஒரு முகாமில் ஒரு பாட்டி வந்தார். கீழே ஒரு பல் ஆடுகிறது, பிடுங்கிவிட்டால் போதும் என்றார். வலி இல்லை. அவரும் 40 வருஷக் கணக்குதான் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தால், ஆடும் பல்லைச் சுற்றி ஈறு காலிஃபிளவர் போலப் பூத்திருந்தது. பல்லில் எந்தக் கோளாறும் இல்லை. பல்லைப் பிடித்திருந்த எலும்பை நோய் அரித்திருந்தது. அன்று காலை வரை அந்தப் பாட்டியும் 'ஒன்றும் ஆகாதவர்' கணக்கில்தான் இருந்தார். தம்பி, கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைத்தான் நாம் எண்ணுகிறோம். வராமல் போனவர்களை யார் எண்ணுகிறார்கள்?

எனவே உங்கள் அம்மாவை ஆதாரமாகக் காட்டாதீர்கள், கூடவே அழைத்துக்கொண்டு போங்கள். அவர் வாயையும் பார்க்க வேண்டும். போகும் வழியில் "தாம்பூலம் நம் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம்" என்று அவர் சொன்னால், ஒரு விஷயம் சொல்லலாம். வெற்றிலை பாக்கு பழையதுதான். புகையிலை அப்படியல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது, போர்த்துகீசியர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. நம் தாம்பூலத் தட்டில் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்ட விருந்தாளி. வெற்றிலையை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். பாக்கைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன், அது எவ்வளவு பழையதானாலும் எனக்குக் கவலையில்லை.

வாயைப் பார்ப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கி ஓர் ஆய்வு நடத்தினார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவே. 2005-ல் முடிவு வந்தபோது, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நெல்லிக்காய் அளவில் இருக்கும்போது பிடித்தால் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிவிடலாம். கழுத்தில் கட்டி இறங்கிய பிறகு வந்தால் பாதிப் பேரைக்கூடக் காப்பாற்றுவது பெரும்பாடு.

வீட்டில் நீங்களே பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, செல்போன் டார்ச்சை அடியுங்கள். கீழுதட்டைக் கீழே இழுத்து, இடது கன்னத்தை விரலால் ஒதுக்கி, பொடி வைக்கும் பள்ளத்தைப் பாருங்கள். அங்கே தோல் வெளுத்து, தண்ணீரில் ஊறிய விரல் நுனி போலச் சுருங்கியிருக்கும். புகையிலையை அடியோடு நிறுத்தினால் இது பலருக்குச் சில வாரங்களில் மறைந்துவிடும். மறையாத வெள்ளைத் திட்டு, வழித்தாலும் வராத திட்டு, டாக்டர் பார்க்க வேண்டியது. வெல்வெட் துணி போலச் சிவந்த திட்டு என்றால் அதைவிட அவசரம். வலி இல்லையே என்று விடாதீர்கள், ஆரம்பத்தில் வலி இருக்காது. நாக்கின் இரண்டு ஓரங்கள், நாக்குக்கு அடியில், அண்ணம், எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், உதடு மரத்துப்போவது, கழுத்தில் கட்டி, விழுங்கும்போது சிக்கல், காதுவலி என்று வந்து காதில் ஒன்றும் இல்லாமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் மெடிக்கலில் மாத்திரை கேட்டு நிற்க வேண்டாம்.

எங்கே போவது? சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போங்கள். நகரத்திலேயே பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. 30 வயது தாண்டியவர்களுக்கு வாயைப் பரிசோதிப்பது அரசின் தொற்றா நோய்த் திட்டத்திலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும்போது "வாயையும் பாருங்க" என்று நீங்களே கேட்கலாம். கேட்டால்தான் சில இடத்தில் பார்ப்பார்கள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சந்தேகம் இருந்தால் சிறு துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று தறிக்கூடத்தில் யாராவது கண்டிப்பாகச் சொல்வார். பரவாது. சதை எடுப்பதற்குப் பயந்து ஓடியவர்களுக்குத்தான் நோய் பரவியிருக்கிறது. ஒருவேளை பெரிய சிகிச்சை தேவைப்பட்டாலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அந்த அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்.

வாய் இறுக்கத்துக்கு மருத்துவம் உண்டா என்றால், உண்டு. ஆனால் பாக்கை நிறுத்தாமல் செய்யும் மருத்துவம் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். கன்னத்துக்குள் ஊசி போடுவார்கள், மாத்திரை தருவார்கள், பயிற்சி சொல்லித்தருவார்கள். ஐஸ் குச்சிகளை அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் செருகி, சில நாளுக்கு ஒரு முறை ஒரு குச்சியைக் கூட்டிக்கொண்டே போவது அந்தப் பயிற்சிகளில் ஒன்று. மிகவும் இறுகிவிட்டால் அறுவை சிகிச்சை. சேர்ந்த நார் முழுவதும் கரைந்து பழைய வாய் திரும்பும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். மேற்கொண்டு இறுகாமல் நிறுத்தலாம், கொஞ்சம் திறப்பையும் மீட்கலாம். இந்த நோய் இருந்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் புற்றுநோய் வரும் என்பதால், எல்லாம் சரியான பிறகும் சில மாதத்துக்கு ஒரு முறை வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி விடுவது எப்படி? ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டே, நீங்கள் இரண்டு முறையும் பதினெட்டாவது வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவர். நிகோட்டின் இறங்கும்போது வரும் தலைவலி, சிடுசிடுப்பு, தூக்கமின்மை, மலச்சிக்கல் எல்லாம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்தில் இருக்கும். அதற்குப் பிறகு இறக்கம். இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்களுக்கு இது தெரியாததால், நாலாம் நாள் இன்னும் மோசமாக இருக்கும் என்று நினைத்துத் திரும்பியிருக்கிறீர்கள்.

நாளைக் குறிக்கும்போது, மூன்றாம் நாள் தறி லீவில் விழுமாறு குறியுங்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரத்தில் வேண்டாம், மாமன் மச்சான்கள் கூடும் இடத்தில் பாக்கெட் கை மாறும். நைட் ஷிப்டை இரண்டு வாரத்துக்காவது மாற்றித் தர முடியுமா என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். தூக்கத்தை விரட்டத்தான் நீங்கள் அதிகம் போடுகிறீர்கள், அந்தக் காரணத்தை எடுத்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும். வீட்டில் மனைவியிடமும் மகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "ஒரு வாரம் நான் சிடுசிடுப்பேன், பொறுத்துக்கோங்க" என்று.

தனியாக மல்லுக்கட்டத் தேவையில்லை. நிகோட்டின் சூயிங்கம்மும் தோலில் ஒட்டும் பட்டையும் இருக்கின்றன. சூயிங்கம்மை மிட்டாய் போலச் சவைக்கக் கூடாது. காரம் தட்டும்வரை மென்று, பிறகு கன்னத்தில் ஒதுக்கிவைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் வரும். டீ, காபி குடித்த உடனே போட்டால் வேலை செய்யாது, கால் மணி நேரம் விட வேண்டும். ஆனால் உங்கள் வாய் இறுகியிருந்தால் மெல்லுவதே சிரமம், எரிச்சலும் கூடும். உங்களுக்குப் பட்டைதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்பதை டாக்டர் சொல்லட்டும். 1800-11-2356 என்பது புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண். தமிழிலும் பேசுவார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க நேரமில்லாதவருக்கு அது நல்ல வழி.

ஆசை எழும்பும்போது அது ஐந்து, பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்காது. அந்த நேரத்துக்குச் சட்டைப் பையில் பொட்டுக்கடலை, சோம்பு, ஏலக்காய் ஏதாவது இருக்கட்டும். கிராம்பு வேண்டாம், எரியும். தண்ணீர் குடியுங்கள். அறுந்த இழையை முடிச்சுப் போடப் போங்கள். கையும் வாயும் சும்மா இருந்தால்தான் வம்பு. ஹான்ஸை விட்டுவிட்டுச் சீவலுக்கும் பான் மசாலாவுக்கும் மாறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் விஷயத்தில் அது நோயை உரம் போட்டு வளர்ப்பது. மறுபடி பீடிக்குப் போவதும் கணக்கில் சேராது.

இன்னொரு சங்கடம், நீங்கள் போகும் பெட்டிக்கடை. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா வகையறாவுக்குத் தடை. நடுவில் 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. கடை முன்னால் தொங்குவதில்லை, கேட்டால் பெட்டிக்கு அடியிலிருந்து வருகிறது. கடைக்காரருக்கு நீங்கள் பழக்கமான முகம். காசு நீட்டினாலே கை தானாக அடியில் போகும். கொஞ்ச நாளைக்கு டீயை வேறு கடையில் குடியுங்கள்.

ஒருவேளை ஒரு நாள் தவறிப் போட்டுவிட்டால், எல்லாம் போச்சு என்று பாக்கெட்டை முடிக்காதீர்கள். துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, அன்றைய கணக்கை அங்கிருந்தே தொடருங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீங்கள் போடும் இரண்டு பாக்கெட்டின் காலி உறைகளையும் கொண்டு போங்கள். அம்மாவின் வெற்றிலைப் பையையும் அப்படியே எடுத்துவரச் சொல்லுங்கள், வீட்டிலேயே காலி செய்துவிட்டு வர வேண்டாம். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று டாக்டர் பார்க்கட்டும்.